30 மணி நேரப் பட்டினி முகாமில் மயங்கி விழுந்தேன்: மன உறுதி இல்லாததாலா?

கேள்வி: எனக்கு 17 வயது. கிள்ளானில் படிவம் ஐந்து படிக்கிறேன். போன வருடம் ஏழ்மை விழிப்புணர்வுக்காக நடந்த 30 மணி நேரப் பட்டினி முகாமில் கலந்துகொண்டேன். வெள்ளி மதியம் 12 முதல் சனி மாலை 6 வரை தண்ணீர் மட்டும்தான். வெள்ளி காலை 7 மணிக்கு ஒரு கறிபாப்பும் ஒரு தே தாரிக்கும் சாப்பிட்டேன். பஸ் 11 மணிக்கே கிளம்பியதால் மதியம் சாப்பிடவில்லை. இரவு சரியாகத் தூங்கவில்லை. சனி காலை தலை பிளந்தது. பத்தரை மணிக்குத் திடலில் விளையாட்டு வைத்தார்கள். உட்கார்ந்திருந்து எழுந்தேன், கண் இருட்டியது, விழுந்துவிட்டேன். அன்று எனக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். ஏற்பாட்டாளர் ஒருவர் "மன உறுதி போதவில்லை" என்றார். மாலையில் நாசி லெமாக்கும் ஐஸ் மைலோவும் கொடுத்தார்கள். பாதி சாப்பிடுவதற்குள் வாந்தி எடுத்தேன். இதையெல்லாம் விட என்னை உறுத்துவது வேறு: அத்தனை நேரமும் ஏழைகளை நான் நினைக்கவே இல்லை, சாப்பாட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சுயநலக்காரியா? "ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் நான் இருக்கவில்லையா, எனக்கு என்ன ஆனது?" என்கிறார் அம்மா. இந்த வருடம் என்னை ஏற்பாட்டுக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். எப்படி நடத்தினால் நல்லது? படிவம் இரண்டில் படிக்கும் ஒரு தங்கை, மெலிந்துவிடலாம் என்பதற்காகவே வருகிறேன் என்கிறாள். அவளைச் சேர்க்கலாமா?

பதில்: வணக்கம் தங்கை. உங்கள் மன உறுதிக்கும் அந்த மயக்கத்துக்கும் தொடர்பே இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் நேரங்களையும் உணவையும் வைத்துப் பார்த்தால், விழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

கணக்கைப் பாருங்கள். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு 30 மணி நேரம் இருந்திருப்பார்கள். நீங்கள் கடைசியாகச் சாப்பிட்டது காலை 7 மணிக்கு. அதனால் உங்கள் பட்டினி 35 மணி நேரம். அதுவும் ஒரே ஒரு கறிபாப்பை நம்பி. திடலில் நின்றபோது 27 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சாப்பிட்ட உணவு நாலைந்து மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்து முடிந்துவிடும். அதன் பிறகு கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரையை உடம்பு எடுக்கத் தொடங்கும். வளர்ந்த ஒருவரின் கல்லீரலில் அது சுமார் 80 முதல் 100 கிராம்தான் இருக்கும். மூளை மட்டுமே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் கேட்கும். அதனால் ஒரு நாள் ஆவதற்குள் அந்தக் கையிருப்பு பெரும்பாலும் தீர்ந்து, உடம்பு கொழுப்பையும் கொஞ்சம் தசையையும் கரைத்துச் சமாளிக்கும். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு இது ஆபத்தில்லாத ஏற்பாடு. ஆனால் இந்த மாற்றம் நடக்கும் நேரத்தில் உடம்பு மந்தமாகும், குளிரும், எரிச்சல் வரும், வாயில் ஒருவித நாற்றம் அடிக்கும். ஓட்டப்பந்தயம் வைக்கத் தகுந்த நேரம் அது இல்லை.

உங்களைக் கீழே தள்ளியது பெரும்பாலும் சர்க்கரைக் குறைவு இல்லை, நீரும் உப்பும் குறைந்ததுதான் என்பது என் கணிப்பு. சாப்பிடாமல் இருக்கும்போது இன்சுலின் இறங்கும். அது இறங்கினால் சிறுநீரகம் உப்பை வெளியே விடும், உப்போடு தண்ணீரும் போகும். பட்டினியின் முதல் நாளில் அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடியிருப்பீர்கள், நினைத்துப் பாருங்கள். நாம் தினமும் உடம்புக்குள் கொண்டுபோகும் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சோறு, குழம்பு, காய், பழம் வழியாக வருவது. அதுவும் அன்று இல்லை. மேலே வெயில், கூடவே மாதவிடாய். இந்த நிலையில் சட்டென்று எழுந்து நின்றால் இரத்தம் காலில் தங்கிவிடும், மூளைக்குச் சில விநாடிகள் போதிய அளவு ஏறாது. கண் இருட்டியது அதனால்தான். வெறும் தண்ணீரைக் குடித்தாலும் உப்பு இல்லாமல் அது உடம்பில் முழுதாக நிற்காது. அளவுக்கு மீறிக் குடித்தாலோ இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வேறு ஆபத்து வரும். இந்த முகாம்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது. "பசித்தால் தண்ணீர் குடியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

தலைவலிக்குக் காரணம் பெரும்பாலும் தேநீர் நின்றுபோனது. தினமும் தேநீரோ காப்பியோ குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும். உங்கள் கடைசித் தே தாரிக்குக்கும் சனி காலைக்கும் இடையே சரியாக ஒரு நாள். அதைப் பசியின் வலி என்று நினைத்திருப்பீர்கள். தூக்கமின்மையும் சேர்ந்துகொண்டது.

வாந்தி ஏன்? ஒன்றரை நாள் சும்மா கிடந்த வயிற்றில் தேங்காய்ப்பால் சோறு, எண்ணெயில் மிதக்கும் சம்பல், பொரித்த நெத்திலி, அதன் மேல் குளிர்ந்த இனிப்புப் பானம். கொழுப்பு வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். பசியில் அள்ளி அள்ளிச் சாப்பிடுவோம், வயிறு அதே வேகத்தில் வாங்காது. நோன்பு துறக்கும்போது நம் நாட்டு முஸ்லிம்கள் பேரீச்சையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, பள்ளிவாசலில் காய்ச்சும் பூபோர் லம்போக் கஞ்சிக்குப் போவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் இருக்கும் விவரம் முகாம் நடத்துபவர்களிடம் இல்லாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

அம்மா சொல்வதற்கு வருவோம். அவர் விரதம் இருப்பதும் உண்மை, அவருக்கு ஒன்றும் ஆகாததும் உண்மை. ஆனால் பல வீடுகளில் ஏகாதசியன்று பால், பழம், அவல் உண்டு. சஷ்டிக்கு ஒருவேளை உணவு உண்டு. அந்த நாளில் அம்மா வெயிலில் கயிறு இழுக்கும் போட்டிக்குப் போவதில்லை. வருடக்கணக்கான பழக்கத்தில், எந்த நேரத்தில் உட்கார வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ரமலான் நோன்பும் நம் நாட்டில் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், அதற்கு முன் சஹூர் உணவு இருக்கிறது. முதல் முறை பட்டினி இருக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு 30 மணி நேரம் என்பது இவற்றோடு ஒப்பிடக்கூடியதல்ல. அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் விரதத்தைக் குறைத்துப் பேசாமல் சொன்னால் புரிந்துகொள்வார்.

இனி, உங்களை உறுத்தும் அந்தக் கேள்வி. இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டதும் அதுதான்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். போரினால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று கண்டறிவதற்காகத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். போரில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்தவர்கள். பிறருக்காகத் தம் உடம்பைக் கொடுத்தவர்களை யாரும் சுயநலக்காரர்கள் என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் அவர்களுக்குத் தேவையில் பாதியளவு உணவே கிடைத்தது. முழுப் பட்டினிகூட இல்லை. அந்த மாதங்களில் அவர்கள் பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆனது. சமையல் புத்தகங்களை விடாமல் படித்தார்கள். தட்டை வழித்து நக்கினார்கள். மற்றவர்கள் மீது அக்கறை குறைந்தது, சிரிப்பு போனது, சின்ன விஷயத்துக்கும் கோபம் வந்தது.

பசித்த மூளை அப்படித்தான் வேலை செய்யும். சாப்பாட்டைத் தவிர மற்றதையெல்லாம் தள்ளிவைக்கும். உங்களுக்கு அன்று நடந்ததும் அதன் மிகச் சிறிய அளவுதான். முகாம் உங்களுக்குக் கற்றுக்கொடுத்த உண்மையான பாடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வகுப்புக்கு வரும் பிள்ளை கணக்கில் கவனம் இல்லாமல் ஜன்னலைப் பார்க்கிறது, முணுக்கென்றால் சண்டைக்கு நிற்கிறது. ஆசிரியர் அதைச் சோம்பல், திமிர் என்று எழுதிவிடுகிறார். அந்தப் பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். 1979 முதல் நம் தொடக்கப்பள்ளிகளில் ஆர்எம்டி என்கிற கூடுதல் உணவுத் திட்டம் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. "இப்போது ஏழையின் வலி எனக்குத் தெரியும்" என்று முகாமின் முடிவில் மேடையில் சொல்ல வைக்கிறார்கள். அந்த வாக்கியத்தை இந்த வருடம் நீங்கள் எடுத்துவிட வேண்டும். உங்களுக்கு ஆறு மணிக்கு முடியும் என்று தெரியும். வீட்டில் சாப்பாடு இருந்தது. வறுமையில் இருப்பவருக்கு அந்த மணி தெரியாது. மேலும், நம் நாட்டு வறுமைக்கு வெறும் வயிறு அடையாளமே இல்லை.

யூனிசெப் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களைப் பற்றியது. அங்கே ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். அதே மாடிகளின் பிள்ளைகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் அதிக எடை. ஒரே மாடியில், சில நேரம் ஒரே வீட்டிலேயே, இரண்டும் இருக்கும். அரிசி, கிச்சாப், மேகி, டின் பால் தேநீர், பிஸ்கட் ஆகியவற்றில் வயிறு நிறையும். புரதம், இரும்பு, துத்தநாகம், காய்கறி இருக்காது. ஒரு மேகி பாக்கெட் 350 கலோரியையும் சின்னக் கரண்டியளவு உப்புக்கு நெருக்கமான ஒன்றையும் கொடுக்கும், இரண்டு வயதுப் பிள்ளை வளர்வதற்கு வேண்டியதைக் கொடுக்காது. உலக அளவிலும் அப்படித்தான். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2024இல் பட்டினியில் இருந்தவர்கள் சுமார் 67 கோடிப் பேர். சத்தான உணவை வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் சுமார் 260 கோடிப் பேர். 30 மணி நேரப் பட்டினி முதல் எண்ணைத்தான் தொட்டுக் காட்டும். இரண்டாவதை அதனால் காட்ட முடியாது.

ஆகவே என் ஆலோசனை: பட்டினி நேரத்தைக் குறையுங்கள், மிச்ச நேரத்தில் ஏழைக் குடும்பத்தின் கடைக் கணக்கைப் போட வையுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 16 முதல் 18 மணி நேரம் போதும். வெள்ளி இரவு 8 மணிக்குள் எல்லாரும் முகாமிலேயே ஒன்றாகச் சாப்பிட்டு முடிக்கட்டும். அப்போதுதான் உங்களுக்கு நேர்ந்த மாதிரி யாரும் கறிபாப்போடு வந்து மாட்டிக்கொள்ள மாட்டார்கள். சோறு ஒன்றரைக் கிண்ணம், பருப்பு, முட்டை அல்லது மீன், காய், ஒரு பழம். உப்பும் காரமும் மிதமாக இருக்கட்டும், பிறகு தாகம் எடுக்காது. அடுத்த நாள் மதியம் 1 அல்லது 2 மணிக்குப் பட்டினியை முடித்துவிடுங்கள். இடையில் எட்டு மணி நேரமாவது தூங்கவிட வேண்டும். விடிய விடிய பாட்டும் விளையாட்டும் வைத்தால் மறுநாள் காலை கட்டாயம் யாராவது விழுவார்கள்.

பள்ளி நிர்வாகம் 30 மணி நேரம்தான் என்று பிடிவாதம் பிடித்தால், முழுப் பட்டினியாக வைக்காதீர்கள். ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை 250 மி.லி. சோயாப் பால் அல்லது இனிப்புச் சேர்த்த பார்லித் தண்ணீர் கொடுங்கள். இப்படிக் கொடுத்தால் முகாமின் மதிப்பு குறைந்துவிடும் என்று சிலர் வாதாடுவார்கள். ஆஸ்திரேலியாவில் 1975இல் தொடங்கி பல தலைமுறை மாணவர்கள் இருந்துவந்த 40 மணி நேரப் பட்டினியிலேயே பார்லிச் சர்க்கரை மிட்டாய்க்கு அனுமதி உண்டு. அதைச் சொல்லுங்கள்.

தேநீர், காப்பி குடிப்பவர்களுக்கு முகாமுக்கு ஐந்து நாள் முன்பே செய்தி போக வேண்டும். இரண்டு கோப்பை குடிப்பவர் ஒன்றாக்கி, பிறகு அரையாக்கி, கடைசி நாள் நிறுத்தட்டும். இந்த ஒரு செய்தியே பாதித் தலைவலியைத் தடுத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. அளவு. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த டம்ளர் உப்புச் சர்க்கரைக் கரைசலாக இருக்கட்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு, தலைதட்டி அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு கூடினால் ஆபத்து. ஆகவே ஒருவரே அளந்து கலக்கட்டும், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். கழிவறைக் கதவில் சிறுநீர் நிற அட்டை ஒன்றை ஒட்டிவையுங்கள். வெளிர் மஞ்சள் சரி. கடுந்தேநீர் நிறம் வந்தால் உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

திடல் விளையாட்டு வேண்டவே வேண்டாம். எல்லாம் மின்விசிறி ஓடும் மண்டபத்துக்குள்தான். படுத்தவர் எழும்போது முதலில் உட்கார்ந்து ஒரு நிமிடம், பிறகு காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம், அப்புறம் நிற்பது என்று தொடக்கத்திலேயே எல்லாரையும் செய்து பார்க்க வையுங்கள். வெந்நீர்க் குளியல் கூடாது. பசி எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் எழும்பி, சாப்பிடாவிட்டாலும் அரை மணி, முக்கால் மணியில் இறங்கிவிடும். அதனால் காலை 7, 10 மணிகளில் கை வேலை ஏதாவது கொடுங்கள்.

யாரைச் சேர்க்கக் கூடாது என்பதில் கொஞ்சமும் இளக்கம் காட்டாதீர்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர், வலிப்பு நோய் உள்ளவர், வயிற்றுப்புண் உள்ளவர், கடும் ஒற்றைத் தலைவலி வருபவர், சிறுநீரக நோயாளி, தலசீமியா அல்லது இரத்தசோகைக்குச் சிகிச்சை பெறுபவர், போன இரண்டு வாரத்தில் காய்ச்சலோ டெங்கியோ வந்தவர், எடை குறைந்தவர், உணவைப் பற்றிய கோளாறு இருந்தவர், உணவோடு மாத்திரை போட வேண்டியவர், கர்ப்பிணி ஆகியோர் பட்டினி இருக்கவே கூடாது. மாதவிடாய் அதிகமாகப் போகும் நாளில் இருப்பவருக்கும் அன்று விலக்கு. படிவம் மூன்றுக்குக் கீழே உள்ளவர்களும் வேண்டாம். இவர்களை முகாமிலிருந்து விலக்கிவிடச் சொல்லவில்லை. அவர்கள் சமையல், கணக்கு, முதலுதவி, பதிவு ஆகியவற்றைப் பார்க்கட்டும். வழக்கமான வேளையில் தனி அறையில் சாப்பிடட்டும். அதற்காக யாரும் அவர்களைக் கேலி செய்யக் கூடாது என்று முதல் மணி நேரத்திலேயே மேடையில் சொல்லிவிடுங்கள். அதேபோல், நடுவில் "போதும்" என்று கையைத் தூக்குபவருக்குக் கேள்வி கேட்காமல் பிஸ்கட்டும் மைலோவும் கொடுங்கள். "மன உறுதி" என்ற சொல் முகாமில் எங்கும் வரக் கூடாது. அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பிள்ளைகள் மயக்கம் வருவதை மறைக்கிறார்கள்.

நோயைப் பற்றிய படிவத்தைப் பெற்றோர்தான் நிரப்ப வேண்டும், வகுப்பில் பிள்ளைகளை நிரப்ப வைக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள். எட்டு மாணவருக்கு ஒரு பெரியவர், அவர் சாப்பிட்டவராக இருக்க வேண்டும். பட்டினி இருக்கும் பொறுப்பாளரால் மற்றவரைக் கவனிக்க முடியாது. செம்பிறைச் சங்க மாணவர்கள் உதவலாம், ஆனால் முதலுதவிப் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவராவது இரவு முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும். சர்க்கரை அளக்கும் கருவி ஒன்றும் வண்டி ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

ஒருவருக்குத் தலை சுற்றினால் படுக்க வைத்துக் காலை ஓரடி உயர்த்துங்கள். வியர்வை, நடுக்கம், குழறல் இருந்தால் சர்க்கரைக் குறைவாக இருக்கலாம். கருவி 3.9 mmol/L அளவுக்குக் கீழே காட்டினாலோ கருவி கையில் இல்லாவிட்டாலோ, அரை டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் பிஸ்கட் கொடுத்து, பட்டினியை அவருக்கு அங்கேயே முடித்துவிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள். நெஞ்சு வலி, வலிப்பு, நிற்காத வாந்தி ஆகியவற்றுக்கும் அதே எண்தான்.

முடிக்கும் உணவு: வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர், இரண்டு மூன்று பேரீச்சை அல்லது ஒரு சிறு வாழைப்பழம். இருபது நிமிடம் கழித்துப் பருப்புப் போட்டுக் குழைத்த அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணம், கொஞ்சம் உப்போடு. சம்பல், பொரித்தது, ஐஸ் எல்லாம் அடுத்த வேளைக்கு. இரண்டு மணி நேரம் கழித்து வழக்கமான சாப்பாட்டில் பாதி அளவு.

இப்போது கடைக் கணக்கு. அரசாங்கத்தின் 2022 கணக்கில் மலேசியக் குடும்பத்தின் வறுமைக் கோடு மாதம் 2,589 ரிங்கிட். அதில் உணவுக்கு 1,198. ஏறக்குறைய நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 40 ரிங்கிட், ஆளுக்கு 10 ரிங்கிட், மூன்று வேளைக்கும். மாணவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 40 ரிங்கிட் கொடுங்கள். சனி காலை 9 மணிக்குப் பக்கத்துக் கடைக்கு நிழலில், வண்டியில் அனுப்புங்கள். வெறும் வயிற்றோடு விலைப்பட்டியலைப் பார்ப்பது எப்படி என்பது அங்கே புரியும். வாங்குவதற்கு முன் ஒரு சீட்டை எடுக்கட்டும்: மோட்டார் டயர் வெடித்தது, 15 ரிங்கிட் கழி. பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணம், 8 ரிங்கிட் கழி. கைக்குழந்தைக்குப் பால் மாவு, 12 ரிங்கிட் கழி. மிச்சத்தில் குடும்பத்துக்கு ஒரு நாள் உணவு.

இங்கே வழக்கமாகக் கெட்டுப்போவது ஒன்று உண்டு. எண்ணெய், வெங்காயம், மசாலா எல்லாம் யாராவது வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுவார்கள், கணக்கில் வராது. எல்லாவற்றையும் நிறுத்துக் கணக்கில் ஏற்றுங்கள். கேஸுக்கும் ஒரு ரிங்கிட் எடுங்கள். அரிசியையும் பாருங்கள். கட்டுப்பாட்டு விலையில் உள்நாட்டு அரிசி 10 கிலோ 26 ரிங்கிட். ஆனால் கையில் ஐந்து ரிங்கிட் இருப்பவர் 10 கிலோ மூட்டையை வாங்க முடியாது. சில்லறையில் வாங்கினால் கிலோவுக்கு அதிகம் கொடுக்க வேண்டும். பணம் இல்லாதவருக்குத்தான் பொருள் விலை கூடுகிறது என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். சமையலுக்கு ஓர் அடுப்பும் ஒரு குக்கரும் மட்டும்தான், குளிர்சாதனப் பெட்டி கிடையாது.

சமைத்ததைத் தட்டில் வைத்து, சுகாதார அமைச்சின் சுக்கு-சுக்கு-செபாரோ அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு, அரைத் தட்டு காயும் பழமும். பெரும்பாலான குழுக்களின் தட்டில் முக்கால் பகுதி சோறாக இருக்கும், அரைத் தட்டு காய் யாருக்கும் தேறாது. "ஏழைகளுக்குச் சத்தாகச் சாப்பிடத் தெரியவில்லை" என்று யாராவது இதற்கு முன் சொல்லியிருந்தால் அப்போது அவரே பதில் சொல்வார்.

அடுக்குமாடிக்குப் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க அழைத்துப் போகாதீர்கள், யார் வீட்டு அடுக்களையையும் படம் எடுக்காதீர்கள். அங்குள்ள குடியிருப்போர் சங்கத்திடம் என்ன தேவை என்று கேட்டுப் பட்டியல் வாங்கி, திரட்டிய பணத்தை அதற்குச் செலவழியுங்கள். பெரும்பாலும் அரிசிக்கும் மேகிக்கும் பதிலாக சமையல் எண்ணெய், டின் சார்டின், பருப்பு, பால் மாவு, அணையாடை, மாதவிடாய்ப் பஞ்சு என்றுதான் பட்டியல் வரும்.

அந்தப் படிவம் இரண்டுத் தங்கையைப் பட்டினிக்குச் சேர்க்காதீர்கள். வயதே முதல் காரணம், அவளிடம் அதை மட்டும் சொன்னால் போதும். மெலிவதைப் பற்றித் தனியாக, மெதுவாகப் பேசுங்கள். ஒரு நாள் பட்டினியில் ஒரு கிலோ குறைந்ததாகத் தராசு காட்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்த ஒவ்வொரு கிராம் சர்க்கரையும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும், இரண்டு நாள் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். முகாமில் தராசே இருக்கக் கூடாது. அவள் வேளை தவறவிடுகிறாளா, சாப்பிட்டதும் கழிவறைக்கு ஓடுகிறாளா, தன் உடம்பை வெறுத்துப் பேசுகிறாளா, மாதவிடாய் நின்றுவிட்டதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் நீங்கள் தனியாகச் சுமக்காதீர்கள், பள்ளி ஆலோசகரிடமும் அவள் அம்மாவிடமும் சொல்லுங்கள். சமையல் குழுவில் அவளைப் போடும் முன்பும் யோசியுங்கள். உணவைப் பற்றிய அச்சம் உள்ள பிள்ளைக்கு நாள் முழுவதும் சோற்றை எடைபோடும் வேலை நல்லதில்லை. பதிவு மேசை சரியாக இருக்கும்.

கடைசியாக உங்கள் உடம்பு. மாதவிடாய் நாளில் மயங்கியிருக்கிறீர்கள். மறுபடியும் பட்டினி இருக்கும் முன் அரசாங்கக் கிளினிக்கில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ஒரு ரிங்கிட் கட்டணம், விரலிலோ கையிலோ கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். 12க்குக் கீழே இருந்தால் இந்த வருடம் நீங்கள் சாப்பிட்டுவிட்டு மேற்பார்வை பார்க்கும் குழுவில்தான் இருக்க வேண்டும். மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால் அதைத் தேநீரோடு விழுங்காதீர்கள். தேநீருக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு துண்டு கொய்யா அல்லது ஆரஞ்சோடு சாப்பிடுங்கள்.